தலைவர் சட்டையில் விட்ட வளர்த்தி

வேலாங்குறிச்சிப் பேரூராட்சித் தலைவர் தவசிலிங்கம் முதன்முதலாக இரண்டு இஞ்சு வளர்ந்தது ஒரு ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் பாக்கி இருக்கும்போது. அதற்குக் காரணம் பதவி இல்லை, ராசி இல்லை, ஊர்க்காரர்கள் சொல்கிற மாதிரி அவருடைய பெரிய மனசும் இல்லை. தையல்காரி மாடத்தியின் கைப்பழக்கம். இதை ஊரில் ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் போகட்டும், நடந்தது அதுதான்.

மாடத்தி எந்தப் பிள்ளைக்கு யூனிபார்ம் தைத்தாலும் மிச்சத் துணியை வெட்டி எறிய மாட்டாள், கால் ஓரத்திலும் கை ஓரத்திலும் இரண்டு இஞ்சு உள்ளே மடித்து, இழுத்தால் உருவிக்கொண்டு வருகிற மாதிரி நீள நீளமாக ஓட்டுத் தையல் போட்டு வைப்பாள், அதற்கு அவள் சொல்கிற பேர் வளர்த்தி. அடுத்த ஜூன் வந்ததும் அம்மாமார் பிளேடை எடுத்து அந்தத் தையலைப் பிரித்துவிடுவார்கள், பிள்ளை வளர்ந்த அளவுக்கு டவுசரும் வளர்ந்துவிடும், புதுத்துணி எடுக்க வேண்டாம். பதினாறு வருஷம் இப்படியே தைத்துத் தைத்து அவள் கைக்கு வேறு மாதிரி தைக்கத் தெரியாமல் போனது. அந்த ஜூனில் கடை முழுக்க யூனிபார்ம் குவிந்து கிடக்கும்போது, தலைவர் பதவியேற்கப் போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டை வேண்டும் என்று துணி வந்தது, அவள் பிள்ளைகளின் துணியோடு துணியாக அதையும் தைத்தாள், முடித்துத் திருப்பிப் பார்த்தால் அதிலும் வளர்த்தி இருந்தது. ஐம்பத்திரண்டு வயசு ஆள் இனி எங்கே வளரப் போகிறார் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது, பிரித்துத் தைக்க நேரமில்லை, அப்படியே கொடுத்துவிட்டாள்.

பத்தாம் நாள் சுயம்பு வந்தான். தலைவருக்குப் போன் எடுப்பது, செருப்பு எடுத்து வைப்பது, யார் கிட்டே வரலாம் யார் வரக்கூடாது என்று சொல்வது எல்லாம் இந்தச் சுயம்புதான். சட்டை கை மேலே ஏறிவிட்டது, உள்ளே துணி இருந்தால் விட்டுத் தாருங்கள் மைனி என்றான். மாடத்தி தையலை உருவினாள். சரியாக இருந்தது.

அடுத்த சட்டைக்கு, போன தடவை மாதிரியே கொஞ்சம் தாராளமா என்று சொல்லி அனுப்பினார்கள், அவளும் போன தடவை மாதிரியே வைத்தாள், அவரும் போன தடவை மாதிரியே வளர்ந்தார். சட்டை பெரிதாகப் பெரிதாக வளர்த்தியும் பெரிதாகத்தானே வைக்க வேண்டும், இரண்டு இஞ்சு ஒரு சாண் ஆனது, சாண் முழம் ஆனது. தீபாவளிக்கு வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டார், பொங்கலுக்கு மின்விசிறியைக் கழற்றினார்கள், சித்திரையில் வீட்டுக்குள் கொள்ளாமல் பழைய பருத்திக் குடோனின் கூரையைப் பிரித்து அங்கே குடி வைத்தார்கள், மூன்றாவது வருஷம் ஊரில் தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்தபடி உயரம் தலைவர்தான் என்று ஆகிவிட்டது. இருபத்திரண்டு அடி.

ஊர் ஆச்சரியப்பட்டதா என்றால், ஒரு வாரம் பட்டது. அப்புறம் வேலையைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. அவர் சட்டையைக் குளத்தில் போட்டுத் துவைக்கப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து குழு ஆரம்பித்தார்கள், அது காய்வதற்குப் பள்ளிக்கூட மைதானத்தை விட்டுக்கொடுத்து வெள்ளிக்கிழமை விளையாட்டுப் பீரியடை எடுத்துவிட்டார்கள், அவர் குடோன் வாசலில் உட்கார்ந்தால் விழுகிற நிழலைப் பேரூராட்சியே வருஷா வருஷம் ஏலம் விட்டது, காலை நிழலை இளநீர்க்காரரும் சாயங்கால நிழலைப் பூக்கடைக்காரியும் எடுத்தார்கள், நிழல் நகர நகர அவர்களும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். மாவட்ட அலுவலகத்தில் வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த பாலத்து பைலுக்கு அவர் ஒரு நாள் நடந்தே போய் முதல் மாடி ஜன்னலில் முகத்தை வைத்துச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார், மத்தியானத்துக்குள் கையெழுத்து ஆகிவிட்டது. பாலம் வந்தது, பாலத்தைத் தொடர்ந்து பஸ் வந்தது, பஸ்ஸைத் தொடர்ந்து அவரைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். தவசிலிங்கம் கெட்டவரா என்றால் அதுவும் இல்லை. பார்த்துத்தான் கால் வைப்பார். கோழி குறுக்கே போனால் நின்றுவிடுவார்.

அந்த மூன்றாவது வருஷத்து ஜூனில்தான் மாடத்தி கண்ணில் அது பட்டது. வளர்த்தி பிரிக்கிற மாதம், ஒரு அம்மாகூடப் பிரித்த துணியை ஓரம் அடிக்கக் கொண்டுவரவில்லை. வந்தவர்கள் எல்லாம் இன்னும் கொஞ்சம் உள்ளே மடித்துக் கொடு என்றார்கள். ஆறாம் வகுப்புப் பையனுக்கு ஐந்தாம் வகுப்பு டவுசர் தொளதொளவென்று நின்றது. கழுத்தில் கிடந்த பழைய டேப்பை எடுத்து அந்தப் பையனை அளந்தாள், அவன் அம்மாவை அளந்தாள், தண்ணீர் குடிக்க வந்த போஸ்ட்மேனை அளந்தாள், பழைய அளவு நோட்டைப் பிரித்துப் பார்த்தாள், ஒருத்தர் பாக்கி இல்லாமல் எல்லாரும் குறைந்திருந்தார்கள். பெரிய மனுஷன் ஒருத்தர் ஒரு அடி வளர்வதற்கு எத்தனை பேர் எத்தனை இஞ்சு குறைய வேண்டும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் போடவில்லை, ஆனால் அவருக்குச் சட்டை தைத்துக் கொடுத்த மாதமெல்லாம் ஊர் இறங்கியிருந்தது, அந்த மட்டுக்கும் நோட்டில் பளிச்சென்று தெரிந்தது. நோட்டை மூடிவிட்டு அவள் பச்சைத் தண்ணீர் ஒரு சொம்பு குடித்தாள்.

நோட்டில் கடைசியாக இருந்தது அவள் மகள் செண்பகம். வயசு பத்தொன்பது. நெட்டச்சி, நெட்டச்சி என்று கேலி வாங்கி வளர்ந்த பிள்ளை, ப்ளஸ் டூ முடிக்கும்போது நூற்று அறுபத்தாறு சென்டிமீட்டர். அவளுக்கு ஒரே ஆசை, போலீஸ். எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணிவிட்டாள், விடிந்ததும் கண்மாய்க்கரையில் நானூறு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தாள், இனி உடல் தகுதித் தேர்வு ஒன்றுதான், அதில் முதலில் உயரம் பார்ப்பார்கள், நூற்று ஐம்பத்தொன்பது இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் அப்படியே வெளியே. ஓடிவிட்டு வந்து வேர்வையோடு நின்றவளைச் சுவரில் சாய்த்து அளந்தாள் மாடத்தி. நூற்று ஐம்பத்தெட்டு. திரும்ப அளந்தாள். அதேதான். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஊர் குறைந்ததையும் ஊர் ஏற்றுக்கொண்டது. இதைத்தான் மாடத்தியால் தாங்க முடியவில்லை. பிச்சுமணி ஆசாரி வீடு வீடாகப் போய் நாற்காலிக் காலை அறுத்துக்கொண்டிருந்தார், நிலைவாசலை இறக்கிக்கொண்டிருந்தார், அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. ரேஷன் கடையில் கவுண்டரை இறக்கினார்கள், பஸ் படியில் கால் எட்டாத கிழவிகளுக்கு ஸ்டூல் போட ஒரு ஆளை வைத்தார்கள், பள்ளிக்கூடச் சுவரில் வரைந்திருந்த உயர அளவுகோலைத் தலைமை ஆசிரியர் சுண்ணாம்பு அடித்து அழித்துப் புதிதாக வரைந்தார், அதில் எல்லாப் பிள்ளைகளும் வயசுக்கேற்ற உயரம் இருந்தார்கள். மொத்த ஊரும் சேர்ந்து குறைந்தால் பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்து ஒன்றும் தெரியாது. மாடத்தி நோட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தரிடமாகப் போய்ச் சொன்னாள். பல பேர் சிரித்தார்கள், சில பேர் எழுந்து போனார்கள், ஆசாரி மட்டும் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னார்.

"மூணு இஞ்சு போனா என்ன இப்போ? முன்னாடி நம்ம ஊர் பேரைச் சொன்னா எந்தப் பக்கம்னு கேப்பான். இப்போ சொல்லிப் பாரு, எந்திரிச்சு நிக்கான்."

மாடத்தி நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பினாள். அவர் சொன்னது உண்மைதான்.

அடுத்த வாரம் பேரூராட்சியில் தீர்மானம் போட்டு வீட்டுக்கு ஒரு டேப் கொடுத்தார்கள், மஞ்சள் நிறம், ஓரத்தில் தலைவர் படம். தையல்காரிக்கு இரண்டாகவே கொடு என்று சொன்னார்களாம், சுயம்பு இரண்டு கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, இனிமேல் ஊரில் இதில்தான் அளக்கணும் மைனி, பழசு நீண்டு போயிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் போனதும் மாடத்தி புதுசையும் பழசையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். புது டேப்பின் அறுபது இஞ்சு பழைய டேப்பின் ஐம்பத்தேழில் முடிந்துவிட்டது. குறைந்த மூன்று இஞ்சையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். செண்பகம் புது டேப்பைத் தானே தலையிலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தாள், நூற்று அறுபத்தாறு, பழைய உயரம் அப்படியே இருந்தது.

"நம்ம ஊருக்குள்ளேயே செலக்சன் வச்சா நான் நேரா இன்ஸ்பெக்டரே ஆயிருவேன்மா" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது.

தலைவரிடம் பேச வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏற வேண்டும், மனு கொடுக்கிறவர்களுக்கு அங்கேதான் வரிசை, பதினாறாவது படியில் நின்றால் அவர் காது வரும். மாடத்தி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினாள். கீழே சுயம்பு சீக்கிரம் சீக்கிரம் என்றான். அவள் நோட்டைப் பிரித்து எல்லாவற்றையும் சொன்னாள், பிள்ளைகள் டவுசரைச் சொன்னாள், செண்பகத்தைச் சொன்னாள், தன் கைப்பழக்கத்தையும் ஒளிக்காமல் சொன்னாள், அவர் திடுக்கிடுவார் என்று நினைத்தாள், திடுக்கிட்டது அவள்தான்.

"எனக்குத் தெரியும் தாயி. முதல் சட்டையிலேயே தெரியும். உள்ளே துணி கனமா இருந்துச்சு."

தெரிந்துமா அண்ணாச்சி போட்டீர்கள் என்று கேட்டாள்.

"தச்சுக் குடுத்தியே, போட்டேன். நான் என்னைக்காவது அளவு சொன்னேனா? ஜனங்க பாத்துச் சந்தோசப்பட்டாங்க. நீ சின்னதாத் தச்சுக் குடு, அதையும் போட்டுக்கிடுதேன்."

அவ்வளவுதான். இருபத்திரண்டு அடி மனுஷன், கையில் என்ன கொடுத்தாலும் போட்டுக்கொள்கிற ஆள். மாடத்தி படி படியாக இறங்கும்போது, இத்தனை வருஷம் இவரைப் பார்த்து நடுங்கியது எதற்கு என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

அவருடைய பழைய சட்டையைக் கடையில் விரிக்க முடியாது, கல்யாண மண்டபத்தில் விரித்து, செண்பகமும் அவளும் முட்டி போட்டுக்கொண்டு நாலு நாள் சிறிதாக்கினார்கள். நல்ல துணி, கத்தரியை வைக்க மாடத்திக்கு மனசு வரவில்லை. வெட்டாமல் முழம் முழமாக உள்ளே மடித்து, நீள நீளமாக ஓட்டுத் தையல் போட்டாள். அவள் கைக்குத் தெரிந்தது அதுதானே.

தலைவர் சொன்ன மாதிரியே போட்டுக்கொண்டார். இரண்டே நாளில் பதினெட்டு அடிக்கு வந்துவிட்டார், நிழல் குறுகியது, இளநீர்க்காரரும் பூக்கடைக்காரியும் ஒரே நிழலுக்குள் இடித்துக்கொண்டு ஏலத்தில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார்கள். ஊர் நிமிர்ந்தது. நிமிர்ந்த ஊர் சந்தோஷப்பட்டதா? இறக்கி வைத்த நிலைவாசல் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தலை இடித்தது, கால் அறுத்த நாற்காலியில் முட்டி மடங்கவில்லை, பிள்ளைகள் டவுசர் ஏறிக்கொண்டது, மஞ்சள் டேப்பில் அளந்தால் எல்லாரும் அளவுக்கு மிஞ்சி இருந்தார்கள், வீட்டுக்கு வீடு நெற்றியில் தைலத்தைத் தடவிக்கொண்டு, ஏதோ சீக்கு வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். செண்பகம் மட்டும் பழைய டேப்பில் நூற்று அறுபது. அன்றைக்கு அவள் இரண்டு தடவை நானூறு மீட்டர் ஓடினாள்.

தேர்வு மாவட்டத் தலைநகரில், போலீஸ் மைதானத்தில். அதே நாளில்தான் வேலாங்குறிச்சிக்கு அமைச்சர் ஒருவர் வருவதாக இருந்தது. அம்மாவும் மகளும் அதைக் காதில் வாங்கவில்லை, விடிவதற்குள் முதல் பஸ் ஏறிவிட்டார்கள்.

பெற்றவர்களை உள்ளே விடவில்லை. மாடத்தி கம்பி வேலிக்கு வெளியே நின்றாள், குறுக்குக் கம்பி சரியாக அவள் தாடைக்கு நேரே இருந்தது, அதில் தாடையை வைத்துக்கொண்டே பார்த்தாள். பிள்ளைகள் வரிசையாக வந்து ஒரு மிஷினுக்கு அடியில் நின்றார்கள், மேலேயிருந்து பட்டை இறங்கித் தலையைத் தொட்டதும் பக்கத்துப் பெட்டியில் சிவப்பு எழுத்தில் நம்பர் விழுந்தது, பெரிய எழுத்து, வேலிக்கு வெளியிலிருந்தே படிக்கலாம். சத்தம் போட்டு அழுதுகொண்டு ஒரு பிள்ளை வெளியே போனது, அடுத்தது செண்பகம். ஷூவைக் கழற்றினாள், குதிகாலை ஒட்டி வைத்தாள், அம்மா இருக்கிற பக்கம் பார்க்காமல் நேரே பார்த்தாள். பட்டை இறங்கியது. நூற்று அறுபது.

மாடத்தி மூச்சை விட்டாள். பெண் இன்ஸ்பெக்டர் எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தார்.

அப்போது குறுக்குக் கம்பி மாடத்தியின் தாடையிலிருந்து உதட்டுக்கு வந்தது. கம்பி ஏறவில்லை. அவள் காலுக்குக் கீழே சேலை ஓரம் மண்ணைத் தொட்டது, வளையல் மணிக்கட்டில் தளர்ந்து இறங்கியது, அவளுக்கு எல்லாம் புரிந்து போனது, கம்பியைப் பிடித்து உலுக்கினாள். உள்ளே பட்டை செண்பகத்தின் தலையை விட்டு ஒரு நூல் விலகியது, மிஷின் அதைத் துரத்திக்கொண்டு தானாக இறங்கியது, நூற்று ஐம்பத்தொன்பதரை, நூற்று ஐம்பத்தொன்பது, இன்ஸ்பெக்டர் மிஷினைத் தட்டினார், நூற்று ஐம்பத்தெட்டரை, செண்பகம் கழுத்தை நீட்டினாள், வயிற்றை உள்ளே இழுத்தாள், நெஞ்சை நிமிர்த்தினாள், பத்தொன்பது வயசுப் பிள்ளை எலும்பு எலும்பாகத் தன்னை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள், நூற்று ஐம்பத்தெட்டு. மிஷினை நிறுத்தி, திரும்பப் போட்டு, இன்னொரு தடவையும் அளந்தார்கள். அதேதான். இன்ஸ்பெக்டர் அவள் முகத்தையும் நம்பரையும் மாறி மாறிப் பார்த்தார், அவருக்கும் வேர்த்துவிட்டது, ஆனாலும் இருப்பதைத்தான் எழுத முடியும் என்று எழுதிவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

இரண்டு பேரும் அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள். ஊரில் இறங்கும்போது ஸ்டூல்காரன் ஓடிவந்து ஸ்டூல் போட்டான்.

நடந்ததை ஆசாரிதான் சொன்னார், மறைக்கிற விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். அமைச்சர் கார் பாலத்துக்கு வந்துவிட்டதாம், தலைவர் வாசலில் வந்து நின்றாராம், பின்னால் கட்டியிருந்த பேனரில் இருபத்திரண்டு அடித் தலைவர், முன்னால் பதினெட்டு அடித் தலைவர், படத்தைவிட ஆள் சின்னதாக இருந்தால் ஊர் மானம் என்ன ஆவது, சுயம்பு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டானாம். அப்போது கும்பலில் நின்ற ஒரு அம்மா, இது மாடத்தி மடிப்புல்லா, உள்ளே துணி இருக்குமே என்றாளாம். உடனே பெண்கள் ஏணியைச் சாத்தி ஏறினார்கள், கை ஓரத்துக்கு நாலு பேர், கீழ் ஓரத்துக்கு எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு பிளேடு, பதினெட்டு ஜூன் மாதம் பழகின கை, எந்த இடத்தில் தையலை அறுத்து எந்தப் பக்கம் இழுத்தால் உருவிக்கொண்டு வரும் என்று ஒருத்திக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பத்து நிமிஷம். தலைவர் வளர வளர ஊரே கை தட்டியதாம். தட்டியவர்கள் எல்லாருக்கும் நிலைவாசல் திரும்பவும் சரியாகிவிட்டதாம்.

மாடத்தி ஒவ்வொரு பெயராகக் கேட்டாள், யார் யார் ஏறினார்கள் என்று. ஆசாரி சொன்னார். எல்லாரும் அவளிடம் யூனிபார்ம் தைக்கிற அம்மாமார். அதில் இரண்டு பேர் முந்தின நாள் செண்பகத்துக்குத் திருநீறு பூசி அனுப்பியவர்கள்.

கடைக்குப் போனால் வாசலில் புதுத்துணி வந்து கிடந்தது, வண்டியில் கொண்டுவந்து இறக்கிய வெள்ளைத் துணிக் கட்டு, மேலே ஒரு சீட்டு, சுதந்திர தினத்துக்கு, போன தடவை மாதிரியே கொஞ்சம் தாராளமா. அது சுயம்பு எழுத்து. தலைவர் சொன்னதாக அதில் ஒன்றுமில்லை, அவர் எப்போதும் ஒன்றும் சொல்வதில்லை.

செண்பகம் ஓடுகிற ஷூவைக் கழற்றி மிஷினுக்கு அடியில் தள்ளினாள். தள்ளிவிட்டு, அடுத்த வருஷமும் ஆள் எடுப்பார்கள், எனக்கு அப்போ இருபது தானே ஆகும் என்றாள், யாரிடமும் சொல்லாத மாதிரி.

மாடத்தி மஞ்சள் டேப்பை எடுக்கவில்லை. பழைய டேப்பையும் எடுக்கவில்லை. துணியின் நுனியைப் பிடித்துக் கடைக்கு வெளியே தெருவரைக்கும் உருட்டி விரித்தாள், தெருவில் போனவர்கள் மிதிக்காமல் ஓரம் ஒதுங்கிப் பார்த்தார்கள், பிளேடு பிடித்த அம்மாமாரில் ஒருத்தி, என்ன மாடத்தி, அளவு எடுக்காமலா என்று கேட்டாள். பெரிய கத்தரி ஆணியில் தொங்கியது. பதினெட்டு வருஷத்தில் மிச்சத் துணியை வெட்ட அதை ஒரு தடவைகூட எடுத்ததில்லை.

"ஏளா செண்பகம், அந்த ஓரத்தை இழுத்துப் பிடி" என்றாள்.

ஆறடி மனுஷனுக்கு என்ன சட்டையோ அந்த அளவை வெறும் கண்ணால் பார்த்து, மடிப்புக்கு ஒரு விரல்கூட விடாமல், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி வெட்டிக்கொண்டே போனாள். கொடுத்தால் அவர் போட்டுக்கொள்வார். இந்த முறை பிரிக்க உள்ளே ஒன்றும் இருக்காது.